காலையில் கடை கிடையாது

ஷட்டரை யாரோ நாணயத்தால் தட்டினார்கள். டக், டக், டக். கொஞ்சம் நின்று, மறுபடியும் டக், டக்.

உள்ளே நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் முட்டிக்கு முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கடைக்குள் பாதி இருட்டு. ஷட்டரின் அடியில் விரற்கடை இடைவெளி விட்டிருந்தேன். அது வழியாகக் காலை வெயில் தரையில் ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டில் இரண்டு கால்களின் நிழல். யாருடைய கால்கள் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும்.

"கமலா, இருக்கியா? ஒரே ஒரு நிமிஷம்."

என் ஆயுசில் பாதியைத் தின்றது இந்த "ஒரே ஒரு நிமிஷம்"தான். சொன்னதும் என் இடுப்பு தானாக நாற்காலியை விட்டு எழும்பியது. பழக்கதோஷம். அப்போதுதான் எதிரில் இருந்தவரின் வாய் திறந்தது.

என்ன ஆயிற்று என்பதைச் சொல்வதற்குள், பட்டப்பகலில், நல்ல வியாபார நேரத்தில், என் கடையை நானே உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஏன் என்று சொல்லியாக வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு என் நாத்தனார், "என்னண்ணி, தலையும் இல்லாம வாலும் இல்லாம எழுதறீங்க" என்று போன் போட்டாள். இந்த வாரம் அந்தப் பேச்சு வேண்டாம்.

தெருவுக்கே காது

புதுச்சேரி முதலியார்பேட்டையில் கடலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. முன்னறையைக் கடையாக்கி எஸ்டிடி பூத் வைத்திருந்தோம். ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு போன், வெளியே என் மேசை மேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். செல்போன் வந்துவிட்ட காலம்தான். எங்கள் தெருவில் சிலர் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். மணி பார்க்க அது, பேச என் பூத்து.

வீட்டில் போன் இல்லாதவர்கள் சொந்தக்காரர்களிடம் என் நம்பரைக் கொடுத்து வைத்திருப்பார்கள். பிபி நம்பர் என்று அதற்குப் பெயர். "எதிர் வீட்டு அக்காவக் கொஞ்சம் கூப்பிட்டு விடுங்களேன்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். ரிசீவரைப் படுக்க வைத்துவிட்டு நான் ஓடுவேன். ஆளைக் கூட்டி வருவதற்குள் உள்ளே குக்கர் விசிலடித்துத் தீர்த்திருக்கும். தெருவில் யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யார் மாமியார் படுத்த படுக்கை, எல்லாம் என் காது வழியாகத்தான் அந்தந்த வீட்டுக்குப் போகும்.

எனக்கு அதில் பெருமை வேறு. மீட்டரைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்வேன். கீரை ஆய்ந்துகொண்டே கூண்டுக்குள் இருப்பவர் அழுகிறாரா என்று கவனிப்பேன். அடுப்பில் குழம்பு, காதில் ரிசீவர், கையில் சில்லறை, வாசலில் கீரைக்காரியோடு பேரம். "நாலு வேலைய ஒண்ணா பாக்கறவ" என்று பேர் எடுத்திருந்தேன். யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது "சரி". என்ன கேட்டார்கள் என்பதே அப்புறம்தான் மண்டையில் ஏறும்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை. புதுச்சேரி, கடலூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் குரல் இருக்கிறதே, அது ஒரு தனிப் பிறவி. பஸ் ஸ்டாண்டில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், கடலூர், கடலூர், கடலூரேய்" என்று ஒரே மூச்சில் இழுப்பார். வீட்டிலும் அதே குரல்தான். உப்பு கேட்டால் கூட அடுத்த தெருவுக்குத் தெரியும். நான் சிடுசிடுப்பேன். "காது செவிடா போவுது, மெதுவா பேசித் தொலைங்களேன்" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

முதல் டிரிப் அவருடையது. விடியும்போதே கிளம்பிவிடுவார். அதனால் காலையில்தான் அவருக்கு உற்சாகமெல்லாம். மத்தியானம் கடலூரில் வண்டி நிற்கும்போது கடைசி சீட்டில் நீட்டிப் படுத்தால், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். டிரைவர் வந்து உலுக்க வேண்டும்.

ஒருநாள் காலை அரியாங்குப்பம் தாண்டி யாருக்கோ டிக்கெட் கொடுக்கக் கையை நீட்டியிருக்கிறார். கை நீளவில்லை. விசில் ஊத வாயில் வைத்தாராம், விசில் கீழே விழுந்துவிட்டதாம். பயணிகளே டிரைவரிடம் சொல்லி அந்த பஸ்ஸை ஆஸ்பத்திரிக்குத் திருப்ப வைத்தார்கள். அவர்கள் நல்லா இருக்க வேண்டும்.

பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்தது. கால் வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வரும். "ஆமா." சோறு போடட்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. சொல்லிவிட்டு, தான் சொன்னது அதுவல்ல என்று அவருக்கே தெரிந்து, தலையில் அடித்துக்கொள்வார். அந்தக் குரலைக் கேட்டு எரிச்சல்பட்டவள் நான். அது இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

ஒன்றிலிருந்து நாலு வரை

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் இருந்தாள். என் மகள் வயசுதான் இருக்கும். அவள் சொன்னது இதுதான்: "தெனமும் எதுருல ஒக்காந்து பேச வைங்க ஆன்ட்டி. அவரு வார்த்தையத் தேடுவாரு. நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. காத்திருங்க." முதல் சில மாதங்களில் வருவதுதான் சுலபமாக வரும், தள்ளிப்போடப் போடக் கஷ்டம் என்றும் சொன்னாள்.

நான் "சரி" என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிரெஞ்சுக்காரன் போய் அரை நூற்றாண்டு ஆனாலும் அவன் பழக்கிவிட்டுப் போன மத்தியானத் தூக்கம் போகவில்லை. ஒரு மணிக்குக் கடைகளைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். மெட்ராஸிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பூட்டிய கடைத்தெருவைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்ன, பந்த்தா?" என்று கேட்பார்கள். என் பூத்தும் அப்படித்தான். ஒன்றிலிருந்து நாலு வரை சாத்தியிருக்கும்.

அந்த நேரத்தைத்தான் பயிற்சிக்கு ஒதுக்கினேன். கடை மூடியிருக்கும், கையில் வேலை இருக்காது, இதைவிட வேறென்ன வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நடந்தது என்ன? கடை மூடியிருந்தது, நான் மூடவில்லை. "இந்நேரம் நீ சும்மாதானே இருப்ப" என்று பக்கவாசல் வழியாக வருவார்கள். கூண்டுப் போனின் இன்னொரு இணைப்பு எங்கள் கூடத்தில் இருந்தது. பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் எங்கள் தெருவில் நாலைந்து. நமக்கு மத்தியானம் என்றால் அங்கே காலைக் காபி நேரம். வேலைக்குப் போகும் முன் அம்மாவிடம் பேச நினைக்கும் பிள்ளைகள் சரியாக அப்போதுதான் என் கூடத்தில் மணியடிப்பார்கள்.

அவருக்கோ சாப்பிட்டதும் கண் சொக்கும். வாழ்நாளெல்லாம் கடைசி சீட்டில் படுத்த உடம்பு. டம்ளரைக் கையில் கொடுத்து, இது என்ன என்று கேட்பேன். உதட்டைக் குவிப்பார். அவர் தேடுகிற நேரம் எனக்கு ஒரு யுகம் மாதிரி இருக்கும். போன் அடிக்குமோ என்று ஒரு காது, கொல்லையில் காயும் வடகத்தைக் காக்கை இழுக்குமோ என்று ஒரு கண். பொறுக்காது. "தண்ணியா? டம்ளரா? மாத்திர போடணுமா? ஃபேன் போடவா?" என்று நானே கொட்டிவிடுவேன். அவர் "ஆமா" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வார்.

ஒருநாள் இப்படிக் கொட்டியபோது இடது கையால் நாற்காலியை ஓங்கி அடித்தார். டம்ளர் உருண்டு போயிற்று. அப்புறம் மத்தியானம் ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார்.

மாதம் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் பெண் சோதித்துப் பார்த்துவிட்டு, முன்னேற்றம் போதாது என்றாள். வீட்டில் தினமும் செய்கிறீர்களா என்று கேட்டாள். "தெனமும் மூணு மணி நேரம்" என்றேன், கொஞ்சம் கோபமாகவே. அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். இனி இந்த மனிதர் "ஆமா" ஒன்றோடுதான் இருக்கப்போகிறார் என்று நினைத்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னால் நான் பட்டதில்லை.

செத்துப்போன போன்

அந்த வாரம் சாக்கடைக்குத் தோண்டுகிறேன் என்று எங்கள் தெரு முனையில் யாரோ டெலிபோன் கேபிளை அறுத்துப் போட்டார்கள். தெருவில் அத்தனை போனும் செத்தது.

முதல் நாள் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. தோண்டியவனைத் திட்டி, டெலிபோன் ஆபீசுக்குப் போய் அங்கேயும் திட்டி, தொண்டை கட்டியதுதான் மிச்சம். வரிசையில் பத்துத் தெரு இருக்கிறது, பொறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்தது. யாரும் வரவில்லை. செத்த போன் இருக்கும் பூத்துக்கு யார் வருவார்கள்? காபியை ஆற்றி அவருக்குக் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, கடைக்குள் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. கை அரித்தது. துடைத்த மேசையையே இன்னொரு தரம் துடைத்தேன். அப்புறம் அதுவும் முடிந்துபோய்ச் சும்மா உட்கார்ந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்ததாக எனக்கு நினைவே இல்லை.

கடலூர் சாலையில் முதல் டிரிப் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவருடைய வண்டி. அவர் காபி டம்ளரை இறக்கினார். கண் தெரு முனைக்குப் போயிற்று. உதடு அசைந்தது.

"ம... ம..."

மாத்திரையா என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு, கேட்டுவிட்டு எங்கே ஓடப்போகிறோம் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

"மர... ப்பாலம்."

என் கையில் இருந்த காபி புடவையில் சிந்தியது. நான் அசையவில்லை. அசைந்தால் கலைந்துவிடுமோ என்று பயம்.

"முருங்கப்பாக்கம்" என்றார். நிறைய நேரம் கழித்து "அரியாங்குப்பம்" என்றார். அதற்கு அப்பால் போகவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. அரியாங்குப்பத்தில் அவர் பாதை நின்றுபோனதை நினைத்து நான் அன்று அழுத அழுகை சந்தோஷத்திலா துக்கத்திலா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

பேராசை யாரை விட்டது? அன்று மத்தியானமும் உட்கார வைத்தேன். "மரப்பாலம் சொல்லுங்க" என்றேன். "ஆமா" என்றார். தூங்கிவிட்டார்.

அடுத்த நாள் காலை, அதே ஹாரன், அதே காபி. இந்தத் தரம் நோணாங்குப்பம் வரை வந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய நேரம் காலை. அந்தக் காலையைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, யாருக்கும் வேண்டாத மத்தியானத்தை இவருக்குப் போட்டிருக்கிறேன். அதிலும் பாதியைப் பக்கவாசலில் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று என் அப்பா என்னைத் திட்டுவார். நான் தச்சனுக்கும் மேலே. மரத்துக்கு மரம் ஓடி, "இதோ வர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

போன் சரிசெய்ய லைன்மேன் வந்தபோது, "அவசரமில்ல தம்பி, மெதுவா பாருங்க" என்றேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சர்வீசில் அந்த வார்த்தையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அட்டையில் எழுதியது

போன் உயிர் பெற்றது. ஒரு மணி நேரத்துக்குள் தெரு மறுபடி என் வாசலில் நின்றது. நான் ஒரு அட்டையை எடுத்து எழுதி ஷட்டரில் தொங்கவிட்டேன். "காலையில் கடை கிடையாது. பதினோரு மணிக்கு மேல் உண்டு. மத்தியானமும் உண்டு."

முதலியார்பேட்டை சிரித்தது. ஊரெல்லாம் திறந்திருக்கும்போது சாத்துகிறாள், ஊரெல்லாம் தூங்கும்போது திறக்கிறாள், வீட்டுக்காரனுக்கு வந்தது இவளுக்கும் மூளையில் ஏறிவிட்டது என்றார்கள். என் தம்பி சாரம் பகுதியிலிருந்து சைக்கிளில் வந்து, காலை வியாபாரத்தை விட்டால் அடுப்பு எரியாது என்று எச்சரித்துவிட்டுப் போனான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் பிரான்சுக்காரர்களுக்கு மத்தியானம் திறந்திருந்த பூத்து பிடித்துப்போய், அடுப்பு ஒருமாதிரி எரியத்தான் செய்தது.

காலையில் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவேன். வீட்டுக்குள் உட்கார்ந்தால் அடுப்பு கூப்பிடும் என்பதால் கடைக்குள்ளேயே உட்கார்வோம். ஷட்டரை இறக்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டால் நான், அவர், கடலூர் ரூட், அவ்வளவுதான். முதலில் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வெளியே யாராவது பேசினால் காது அங்கே ஓடும். அதைப் பிடித்து இழுத்து வந்து அவர் வாயில் நிறுத்துவேன். கொஞ்ச நாளில் காது பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்தப் பாதி இருட்டில் என் மண்டை ஆறிப்போய் இருந்தது. அப்படி ஒரு நிம்மதியை நான் கோயிலில் கூடக் கண்டதில்லை.

தட்டிக்கொண்டேயிருந்தவர் பெர்நாதெத் அம்மா ஒருவர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் விதவை. சிப்பாயை இங்கே சொல்தா என்போம்; சொல்தா வீட்டம்மா என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மகன் பிரான்சில். பெரிய வீட்டில் தனியாக இருப்பவர். சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வரும் வழியில் என்னோடு நாலு வார்த்தை பேசாமல் போனால் அவருக்கு நாள் விடியாது. அட்டையைப் படிக்கத் தெரியாதவர் அல்ல. அது மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டார். நானும் முந்தின நாட்களில் எழுந்து போய் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி, "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் இவர் மறுபடி மரப்பாலத்திலிருந்து கிளம்ப வேண்டும்.

அன்றைக்குத் தவளக்குப்பம் தாண்டியிருந்தோம். கிருமாம்பாக்கத்தைச் சொல்லிவிட்டார். அடுத்ததற்கு வாயைக் குவித்திருந்தார். அப்போதுதான் அந்த நாணயச் சத்தம்.

"கமலா, இருக்கியா? ஒரே ஒரு நிமிஷம்."

நான் எழும்பினேன். அவர் ஷட்டர் பக்கம் திரும்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த தெருவுக்கும் கேட்கும் அந்தப் பழைய குரல், கொஞ்சம் கரகரப்பாக, கடைக்குள் முழங்கியது.

"எடமில்ல."

மூச்சு வாங்கினார். மறுபடியும் வாய் திறந்தது.

"அடுத்த... வண்டில வா."

வெயில் கோட்டில் அந்த இரண்டு கால்களும் அப்படியே நின்றன. பிறகு ஷட்டருக்கு அந்தப் பக்கமிருந்து, ரொம்ப மெதுவாக, பெர்நாதெத் அம்மா கேட்டார்.

"யாரு... தம்பியா பேசினது?"

"அவருதாம்மா" என்றேன்.

"மோன் தியே" என்று அவர் தமக்குத்தாமே சொல்வது கேட்டது. எப்போதும் ஆண்டவனை அப்படித்தான் கூப்பிடுவார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி தம்பி, நான் அடுத்த வண்டிலயே வர்றேன்" என்றார். கால்கள் நகர்ந்தன. அன்று மத்தியானத்துக்குள் அவர் அதைத் தெரு முழுக்கச் சொல்லி, சொல்லும்போதெல்லாம் அழுதாராம். அதற்குப் பிறகு காலையில் அந்த ஷட்டரை ஒருவரும் தட்டவில்லை. என் அட்டை செய்யாததை அந்தக் குரல் செய்தது.

நான் சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அவரும் திகைத்துப்போய்த் தம் வாயைத் தாமே தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், தம்பிக்குச் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரிப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும். கீழே கிடந்த ரிசீவரை எடுக்கக் குனிந்தேன்.

அவருடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஒக்காரு."

உட்கார்ந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கிருமாம்பாக்கம் வந்துட்டோம், அடுத்த ஸ்டாப்பு என்னங்க?" என்று கேட்டேன்.

அவர் வாயைக் குவித்துத் தேட ஆரம்பித்தார். வெளியே ஒரு ஸ்கூட்டர் போயிற்று, கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.